விடைக்குறிப்புப்படி தண்ணீர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் அக்கா ஊரெல்லாம் பரப்பிய செய்தி. பொய்யில்லை. ஆனால் விடைத்தாள் திருத்தும் கூடத்தில் அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அக்காவின் கணவர்தான் முழுப் பொறுப்பு. எங்கள் அறிவியல் தாளுக்கு அவர்தான் முதன்மைத் தேர்வாளர். வீட்டில் அத்தான், கூடத்தில் சார். நல்ல மனிதர். ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தால்கூட எழுந்து நின்றுதான் பேசுவார்.

காலையில் ஒரு விடைத்தாள் கட்டின் சணலை அறுக்கும்போது பிளேடு அவர் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. முதலுதவிப் பெட்டியில் இருந்த ஹைட்ரஜன் பெராக்சைடை நான்தான் ஊற்றினேன். காயத்தில் வெள்ளையாக நுரை பொங்கியது.

"ஐயோ, எரியுது!" என்று குதித்தார்.

"சின்னப் பிள்ளை மாதிரி கத்தாதீங்க அத்தான்."

பக்கத்து மேசை டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகுதான் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாட்டைச் சமன்செய்யச் சொன்ன கேள்வி. இடப்பக்கம் ஆக்சிஜன் அணு இரண்டு, வலப்பக்கம் ஒன்றுதான். அந்தப் பிள்ளை முதலில் அவசரத்தில் H₂O-வின் கீழே இன்னொரு குட்டி இரண்டைச் சேர்த்து H₂O₂ என்று எழுதியிருந்தது. எண்ணிக்கை சரியாகிவிடும், தண்ணீர்தான் தண்ணீராக இருக்காது. பிறகு யோசித்து அதை அடித்துவிட்டு, H₂O-வுக்கு முன்னால் ஒரு பெரிய இரண்டும் ஹைட்ரஜனுக்கு முன்னால் ஒரு பெரிய இரண்டும் போட்டிருந்தது. எத்தனை மூலக்கூறு என்பதை மாற்றலாம், மூலக்கூறுக்குள் கை வைக்கக் கூடாது. இதைத்தான் வருஷா வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன். எங்கோ ஒரு பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதே என்று பூரித்துப்போனேன்.

விடைக்குறிப்பைப் புரட்டினேன். சரியான விடை என்று அதில் அச்சாகியிருந்தது, பிள்ளை அடித்துத் தள்ளிய அதே H₂O₂. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். குறிப்புப்படி திருத்தினால் இந்தப் பிள்ளை ஒரு மதிப்பெண்ணில் ஃபெயில்.

அத்தானிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தப்புன்னு எனக்கும் தெரியும்மா" என்று குரலைத் தாழ்த்தினார். "ஆனா பாதிக் கட்டு திருத்தி முடிஞ்சாச்சு. இப்பப் போய் மேல சொன்னா எல்லாத்தையும் திரும்பப் பிரிக்கணும். என்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டுமே. உங்களுக்கு வாயில்லையா?"

"கண்டும் காணாம போயேன்."

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து நின்று கூடம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். "விடைக்குறிப்பு சரியாத்தான் இருக்கு. யாரும் குழப்பிக்க வேண்டாம். அதுல இருக்கிறபடி மார்க் போடுங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேசையில் இருந்த டம்ளர் தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே கொட்டினேன். பெட்டியைத் திறந்து, பாட்டிலில் மிச்சமிருந்த பெராக்சைடை டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"குடிங்க சார்."

"என்னம்மா இது?"

"விடைக்குறிப்புப்படி தண்ணி. எச் டூ ஓ டூ. காலையில உங்க விரல்ல பொங்குச்சே, அதேதான்."

அத்தான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"உன்னை வெளிய அனுப்ப வேண்டி வரும்."

"அனுப்புங்க. ஆனா அந்தப் பிள்ளை சரியா எழுதியிருக்கு. தெரிஞ்சே ஃபெயிலாக்க நான் விடமாட்டேன்."

"இரு, உங்க அக்காகிட்ட சொல்றேன்."

"தாராளமா சொல்லுங்க. அவளும் கெமிஸ்ட்ரிதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்து மேசை டீச்சர் இந்த முறை சிரிக்கவில்லை. திருத்தி முடித்து ஓரமாக வைத்திருந்த தன் கட்டை இழுத்து, முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். பின்வரிசையிலும் ஒருவர் அவிழ்த்தார்.

அத்தான் டம்ளரைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அவர் முடிவெடுக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. என் இடத்துக்குப் போய், சிவப்புப் பேனாவைத் திறந்து, அந்த விடைக்கு முழு மதிப்பெண் போட்டேன். புதுக் கூட்டுத்தொகையை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் போனில் பேசும் குரல் கேட்டது.

"சார், விடைக்குறிப்புல ஒரு தப்பு இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். அத்தான் உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.