குளிர்காலத்து அறிக்கை

அக்காவின் மீன்கடைக்குச் சீல் வைத்து நான்கு நாளாகிவிட்டது. வாங்கிப்போனவர் வீட்டில் ஏரிக் கெண்டையை அறுத்தபோது உள்ளே நாடா போல ஒரு வெள்ளைப் புழு நெளிந்ததாம். 'சுகாதாரமற்ற கடை' என்று சுகாதாரத் துறையினர் கதவில் தாள் ஒட்டி, சாவியையும் வாங்கிப் போய்விட்டார்கள். அக்காவோ வெட்டுப்பலகையை ஒரு நாளைக்கு மூன்று தடவை சுடுதண்ணீர் ஊற்றித் தேய்க்கிறவள்.

தம்பிக்கு மீன்வள ஆய்வகத்தில் வேலை. மீனை அறுத்துப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது. சாவி கேட்க அக்காவோடு போனபோது, சுகாதார அதிகாரியின் மேசையில் தன் ஆய்வக அறிக்கையைக் கண்டதும் அவனுக்குச் சுருக்கென்றது. ஏரி மீனில் புழு இல்லை என்றது அது. அடியில் அவன் கையெழுத்து.

"உங்க தம்பியே எழுதிட்டாரேம்மா. மீன்ல இல்லைன்னா கடையிலதானே வந்திருக்கணும்?" என்றார் அதிகாரி.

"சார், அது குளிர்காலத்து மீன், இப்ப வெயில் காலம்," என்றான் தம்பி. "ஆய்வுக்கு மீனை வெயில்ல எடுத்தா வழியிலேயே கெட்டுப்போகுதுன்னு வருஷா வருஷம் அப்பதான் எடுக்கச் சொல்றாங்க. இந்தப் புழு தலைகாட்டுறதே ஏரித் தண்ணி சூடான பிறகுதான். வெயில்லயும் எடுக்கணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன்."

"அறிக்கையில அது இல்லையே?"

"எழுத விடலை."

"அப்ப என்னைப் பொறுத்தவரை அது கிடையாது."

அக்கா காலடியில் இருந்த வாளியை முன்னே இழுத்தாள். காலையில் ஏரியில் பிடித்த கெண்டை ஒன்று உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது.

"மூடின வயித்துக்குள்ள என் கடை அழுக்கு எந்த வழியா சார் போச்சு? நான் உக்காந்து ஊட்டி விட்டேனா?"

மீனைத் தூக்கி அறிக்கையின் மேலேயே போட்டாள். தலையில் ஒரு தட்டு. இடுப்பில் செருகியிருந்த கத்தியால் வயிற்றில் ஒரே கீறல். இரண்டு வெள்ளை நாடாக்கள் வழுக்கி வெளியே வந்து, எழுத்துகளின் மேல் நெளிந்தன.

அதிகாரி நாற்காலியோடு பின்னால் போனார். "ஐயோ, மேசை!"

"இது என் கடை வாசலையே பார்க்கலை. மேசைக்கும் சீல் வைங்க."

தம்பி அந்த ஈரத் தாளை உருவினான். தன் கையெழுத்துக்கு மேலே, இடுக்கில், 'குளிர்காலத்துக்கு மட்டும்' என்று எழுதினான். மை பரவியது. போன வருஷமே எழுதியிருக்கலாம். யார் கையைப் பிடித்தார்கள்?

அக்கா கத்தியை முந்தானையில் துடைத்துவிட்டு, செதில் ஒட்டிய கையை நீட்டினாள்.

"சாவி."