மூன்று இலக்கம், நான்கு முறை

பெங்களூரு வைட்ஃபீல்டின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழு பிளாக்குகள். போர்வெல் வற்றியதிலிருந்து தண்ணீர் லாரிதான் கதி. லாரி எந்த பிளாக்கில் தொடங்குகிறதோ அங்கே தொட்டி நிரம்பும். வரிசையாகப் போய்க் கடைசி பிளாக்குக்கு வருவதற்குள் அடிவண்டல்தான் மிஞ்சும்.

எங்கே தொடங்குவது என்பதற்குச் செயலாளர் சீனிவாசராகவன் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஞாயிறுதோறும் யாராவது ஒரு மூன்று இலக்க எண் சொல்ல வேண்டும். அதை நான்கு முறை அடுத்தடுத்து எழுதிப் பன்னிரண்டு இலக்கமாக்கி, ஏழால் வகுப்பார். மீதி பூஜ்யம் என்றால் முதல் பிளாக், ஒன்று என்றால் இரண்டாவது, இப்படியே ஆறு என்றால் ஏழாவது.

"இவ்வளவு பெரிய நம்பர்ல எவனும் கள்ளாட்டம் ஆட முடியாது" என்பார்.

ஆறு ஞாயிறாக மீதி பூஜ்யம். அவர் வீடு முதல் பிளாக்கில். அதைப் பெருமாள் கடாட்சம் என்று அவர் மனதார நம்பியதுதான் சொர்ணத்துக்குத் தாங்கவில்லை. திருடனாக இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

சொர்ணம் ஏழாவது பிளாக். கணவன் அருண்குமார் காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்க, அவள்தான் வெளியிலிருந்து கேன் கேனாகத் தூக்கி வந்தாள். சனிக்கிழமை கை வலியோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு மூன்று இலக்க எண்ணை இரண்டு முறை சேர்த்து எழுதினால், அதை ஆயிரத்தொன்றால் பெருக்கியதாக ஆகிறது. ஆயிரத்தொன்று ஏழால் மீதியின்றி வகுபடும். நான்கு முறை என்றால் அதே சோடி இரண்டு. வேறு மீதி வரவே வராது.

மறுநாள் கூட்டத்தில் எழுந்தாள்.

"சார், யார் என்ன நம்பர் சொன்னாலும் பூஜ்யம்தான் வரும். ஒரே பேரை ஏழு சீட்டுல எழுதிக் குலுக்கற மாதிரி இருக்கு உங்க கணக்கு."

"ஏம்மா, நம்பர் சொன்னது நானா? வாராவாரம் வேற வேற ஆள்னா சொன்னா?"

"இப்பவே நாலு நம்பர் போட்டுப் பாருங்க."

மூன்றாவது பிளாக் டெஸ்மண்ட் செல்போனில் தட்டினார். பூஜ்யம். பூஜ்யம். மறுபடி பூஜ்யம்.

"என்னா மேடம் இது, பேய் புடிச்ச மாதிரி ஸீரோ ஸீரோன்னே வருது!"

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அப்போ நம்பர் போதலைன்னு அர்த்தம். ஆறு தடவை எழுதுவோம். பதினெட்டு இலக்கம்!"

கைதட்டினார்கள். பாதிப்பேர் இன்ஜினியர்கள். "சூப்பர் சார்" என்றான் ஒருவன். ஆறு என்றால் மூன்று சோடி என்று சொல்ல வாயெடுத்த சொர்ணம் மூடிக்கொண்டாள். இந்தக் கூட்டத்துக்குப் பாடம் நடத்துவதைவிடக் கேன் தூக்குவதே மேல். பெரிசுதானே வேண்டும்?

"ஆறு எதுக்கு சார்? ஏழு பிளாக், ஏழு தடவை எழுதுங்க. இருபத்தொரு இலக்கம்."

"பேஷ்! அப்படிச் சொல்லு. நம்பரையும் நீயே சொல்லிடும்மா."

ஏழில் மூன்று சோடி போக ஒன்று ஒற்றையாய் நிற்கும். அதன் மீதிதான் மொத்தத்துக்கும் மீதி. அடுத்த வாரத்திலிருந்து யார் எதைச் சொன்னாலும் ஒழுங்காக விழும். இந்த ஒரு வாரம் மட்டும் அவளுக்கு.

"நூத்தி நாப்பத்தாறு."

அவர் பலகை நிறைய எழுதி, வியர்க்க வியர்க்க வகுத்தார். வாசலில் லாரி டிரைவர் வெங்கடசாமி ஹாரன் அடித்து, சீக்கிரம் சொல்லும்படி கன்னடத்தில் அவசரப்படுத்தினார். "சார், பேக ஹேளி, எந்த பிளாக்?"

"இருப்பா... மீதி ஆறு. ஏழாவது பிளாக்! பார்த்தேளா, நம்பர் பெரிசாச்சு, நியாயம் வந்துடுத்து."

மறுபடி கைதட்டல். சொர்ணம் அதைக் கேட்க அங்கே இல்லை. அவர் பாதி வகுத்துக்கொண்டிருந்தபோதே போய், ஏழாவது பிளாக் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு நின்றாள்.