ஆரபிக்கு ஒரு குளிர்ச்சட்டை

பனி எப்படிப் பெய்யும் என்பது நயினாதீவில் என்னைப்போல் தெரிந்தவர் எவரும் இல்லை. நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு விடயம். மொழிபெயர்ப்பு நாவல்களில் எத்தனையோ குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். குதிரைவண்டியில் போகிறவனின் மீசையில் பனி உறைகிற இடம் வந்தால், கிணற்றடியில் வியர்த்து வழிந்துகொண்டு என் மேலுதட்டைத் தடவிப் பார்ப்பேன். உறைவதற்கு அங்கே மீசையும் பெரிதாக இல்லை.

பைரவி அக்காவுக்கும் அவளுடைய நாலு வயது மகள் ஆரபிக்கும் நோர்வே விசா வந்தது. அத்தான் அங்கே ஒரு கோயிலில் பூசை செய்கிறார். தைமாதம் பயணம்.

"பிள்ளைக்கு நல்ல குளிர்ச்சட்டை ஒண்டு வாங்கோணும்" என்றாள் அக்கா.

"வாங்க வேண்டாம். நான் தைக்கிறன்" என்றேன்.

அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆர் தைக்கிறது?"

"நான்தான்."

"உன்ர வேட்டி கிழிஞ்சாலே என்னட்டைத்தானே கொண்டுவாறாய், வாகீசா."

அம்மா சிரித்ததில் நியாயம் இருந்தது. எங்களுடையது கோயில் பூசை செய்கிற குடும்பம். அப்பாவும் நானும் நாளில் பாதிக்கு மேல் வேட்டியும் சால்வையுமாக இருப்பவர்கள். மேற்சட்டையோடு எங்களுக்குப் பழக்கமே குறைவு. ஆனால் எனக்கு ஒரு தகுதி இருப்பதாக நான் நம்பினேன். திருவிழாக் காலத்தில் அம்மனுக்குச் சேலை சாத்துவது நான்தான். கொசுவத்தை மடித்து, நூலால் இறுக்கி, ஊசி குத்தி நான் உடுத்திவிட்டால், பார்க்கிறவர்கள் "சின்னையாவின்ர கை" என்று சொல்வார்கள்; ஊருக்கு அப்பா ஐயா, நான் சின்னையா. கல்லுக்கே இவ்வளவு வடிவாக உடுத்துகிறவனுக்குக் கேவலம் ஒரு குழந்தையா பெரிது?

உண்மைக் காரணம் வேறு. நாலு வயதுப் பிள்ளை ஒரு வருடத்துக்குள் மாமனை மறந்துவிடும். அங்கே விமான நிலையக் கதவு திறக்கிறது, பனி கொட்டுகிறது, ஆரபி வெளியே காலெடுத்து வைக்கிறாள், "இது மாமா தைச்சது" என்று யாருக்கோ சொல்கிறாள். இந்த அத்தியாயத்தை நான் மனதுக்குள் பலமுறை எழுதி, ஒவ்வொரு முறையும் கண் கலங்கியிருந்தேன். சட்டையைத்தான் இன்னும் வெட்டவில்லை.

அக்கா கண்டிப்பாகச் சொன்னாள்: "தை. போட்டுப் பாப்பன். சரிவராட்டி யாழ்ப்பாணத்திலை வாங்கிப்போடுவன். பிள்ளையின்ர குளிர் உன்ர கதைப் புத்தகம் இல்லை."

அம்மனுக்குச் சாத்திக் கழித்த சேலைகள் எங்கள் அலுமாரியில் நிறையக் கிடந்தன. பூசை செய்கிற வீடுகளுக்குக் கிடைப்பதுதான். தங்கக்கரை போட்ட அரக்குப் பட்டு ஒன்றை எடுத்தேன். அம்மன் உடுத்த சேலை பிள்ளைக்குக் காவல் என்று அம்மாவும் உடனே சம்மதித்தாள். உள்ளே அடைக்க இலவம்பஞ்சு வேண்டுமென்று என் தலையணையைக் கிழித்தேன். நாவல்களில் கழுத்துக்கு உரோமம் வைப்பார்கள். எங்கள் வீட்டில் உரோமத்துக்கு எங்கே போவது? வெள்ளைத் துவாய் ஒன்றின் கரையை வெட்டிக் கழுத்தைச் சுற்றித் தைத்தேன். துவாய் அப்பாவுடையது. அவர் அன்று குளித்துவிட்டு வந்து அதை நெடுநேரம் தேடினார்.

"ஆரபி, அம்மன் மாதிரி நில்லு பாப்பம்."

அவளுக்குப் பிடித்த விளையாட்டு அது. கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு, கண் இமைக்காமல் நிற்பாள். அப்படி நிற்கவைத்துத்தான் அளவெடுத்தேன். கருவறையில் பழகிய கை. துணி எங்கும் தொய்யாமல் உடம்போடு ஒட்டி வந்தது. கைப்பகுதிகளுக்குள் பஞ்சை விரலால் குத்திக் குத்தி இறுக அடைத்தேன். நோர்வேக் குளிர் என்றால் சும்மாவா?

போட்டுப் பார்த்த நாளிலும் ஆரபி அம்மனாகவே நின்றாள். தங்கக்கரை நடுநெஞ்சில் நேராக இறங்கியது.

"டேய், உண்மையாவே வடிவாய்க் கிடக்கு" என்றாள் அக்கா.

அப்பா சுற்றிவந்து பார்த்தார். "துவாய் நல்லாய்ப் பொருந்தியிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அக்கா யாழ்ப்பாணம் போகவில்லை. நான் அன்றிரவு தலையணை இல்லாமல் ஒரு மேதையைப்போல் தூங்கினேன்.

பயணத்தன்று காலையில் சட்டையை வைத்துப் பெட்டியை மூட முடியவில்லை. அக்கா பெட்டிமேல் ஏறி இருந்தும் சரிவரவில்லை. "போட்டுக்கொண்டே வரட்டும், வாடைக்காத்துத்தானே" என்றாள் அம்மா. இறங்குதுறைக்கு ஆரபியை நான்தான் தூக்கிப் போனேன். வழக்கமாக என் கழுத்தைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, அன்று விறகுக்கட்டைபோல் வந்தாள். பிரிவுத் துயரத்தில் உறைந்துபோய்விட்டாள் என்று நினைத்து உருகினேன்.

துறையில் இறக்கிவிட்டதும் அசையாமல் நின்றாள். கும்பிட வந்து இறங்கிய ஒரு மட்டக்களப்பு அம்மா, அரக்குப் பட்டையும் அந்த நிலையையும் கண்டு தன்னையறியாமல் கைகூப்பிவிட்டு, பிறகு வெட்கத்தோடு சிரித்தார்.

படகில் ஆட்களை ஏற்றும் வசீகரன் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியோடு வந்தான். "பிள்ளை, கையைத் தூக்குங்கோ."

ஆரபி முகம் சிவக்க முயன்றாள். கை வரவில்லை. "மாமா, ஏலாமல் கிடக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பம் உடுத்திவிட்ட எவரும் கையைத் தூக்கியதில்லை. அக்குளில் தளர்வு விடவேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வசீகரன் அங்கியை அவளுடைய கைகளுக்கு மேலாகவே சுற்றிப் பார்த்தான். வார் எட்டவில்லை. "சின்னையா, இது பூட்டுப்படாமல் ஏத்தேலாது. உந்த மெத்தையைக் கழட்டுங்கோ."

"மெத்தையில்லை, குளிர்ச்சட்டை."

"எங்கை குளிருது?"

பொத்தானுக்குப் பதிலாக நான் சட்டையில் குத்தியிருந்த ஊசிகளைக் கழற்ற அக்கா கை வைத்தாள். கழற்றினால் பெட்டியிலும் இடமில்லை. என்னோடு வீட்டுக்குத்தான் திரும்பி வரும். நான் குறுக்கே போய், தோளில் கிடந்த சால்வையை உருவி, அங்கியின் இரண்டு வார்களுக்கும் இடையில் கொடுத்து, அம்மனுக்குக் கட்டுகிற கட்டொன்று கட்டினேன். புயலடித்தாலும் அவிழாது. வசீகரன் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஓம், போகட்டும்" என்று அவளைப் பொதிபோல் தூக்கி அக்காவுக்குப் பக்கத்தில் வைத்தான்.

சட்டை தப்பியது. ஆனால் ஏற்கனவே தூக்க முடியாத கைகள் இப்போது உடம்போடு சேர்ந்து கட்டுண்டிருந்தன.

படகு விலகியது. இந்த இடத்தை நான் எப்போதோ எழுதி வைத்திருந்தேன்: தூரத்தில் குறுகிக்கொண்டே போகிற ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து அசைகிற சின்னக் கை. நான் கையை ஆட்டினேன். அங்கே ஆரபி தோளை எக்கினாள், விரல்நுனி துடித்தது, வாய் கோணத் தொடங்கியது. அழப்போகிறாள்.

"அக்கா! கழட்டிவிடு! கடலிலை எறிஞ்சாலும் காரியமில்லை!" என்று கத்தினேன்.

அக்கா குனிந்து சால்வைக் கட்டில் கை வைத்தாள்.

"வேண்டாம்! மாமான்ர சட்டை!" ஆரபியின் குரல் இயந்திரச் சத்தத்தையும் மீறி வந்தது.

பிறகு, இருந்த இருப்பிலேயே, இடப்பக்கமும் வலப்பக்கமும் முழு உடம்பையும் ஆட்டத் தொடங்கினாள். வீதியுலாவில் தோளில் தூக்கி ஆட்டிவரும்போது அம்மன் ஆடுவாளே, அதே ஆட்டம். பக்கத்தில் இருந்தவர்கள் இடிபட்டு ஒதுங்கினார்கள்.

அழுவதற்கென்று ஆயத்தமாக வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கை ஆட்டுவதை விட்டுவிட்டு நானும் அப்படியே ஆடினேன். துறையில் நின்ற ஆட்கள் பார்த்தார்கள். அம்மா பார்க்காததுபோல் நின்றாள்.

படகு மறைந்ததும் வாடைக்காற்று வெறும் நெஞ்சில் வந்து அறைந்தது. சால்வை அக்கரையிலுள்ள குறிகட்டுவான் துறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பல் கிடுகிடுக்க வீட்டுக்கு நடந்தேன்.

"என்னடா, குளிருதோ?" என்றாள் அம்மா.