பட்டாணி உரிப்பவள்

எழுபத்தோரு வயதில் ஓரேலியன் தெசாந்தியே பொறாமைப்பட்டது ஒரே ஓர் ஆள்மேல்தான். செத்து நாற்பது வருஷமான தன் அப்பாமேல். அதுவும் தானே வரைந்த படத்துக்காக!

டியெப் நகர மண்டபத்தில் தெசாந்தியே குடும்பக் கண்காட்சி மறுநாள் திறப்பு. அப்பாவின் கடல்கள், அம்மா தீட்டிய விசிறிகள், மூலையில் ஓரேலியனின் சில்லறைகள். வேறென்னவென்று சொல்ல? நாடகத்துக்குத் திரைச்சீலை தீட்டினார், பிஸ்கட் டப்பாவுக்குப் பூனைக்குட்டி போட்டார், பெரும்போரில் பீரங்கிகள் புதராகத் தெரியச் சாயம் அடித்தார். வயிறு வாடவில்லை, பேர்தான் வரவில்லை.

நடுச்சுவரில் ‘பட்டாணி உரிப்பவள்’. ஜன்னலோரம் அம்மா. கையெழுத்து இல்லாத படம். அப்பாவின் அறையில் கிடைத்ததால் அவருடைய கடைசிப் படம் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அப்பாவுக்கு அப்போது கண்ணில் புரை. காலையில் அவர் காபிக்கடைக்குப் போனதும் ஓரேலியன் அவர் பூசியதைச் சுரண்டிவிட்டுத் தானே தீட்டுவார். திரும்பி வந்த அப்பா மூக்கு ஒட்டப் பார்த்து, “கை இன்னும் போகலடா!” என்று குதிப்பார். என்ன காலைகள் அவை! வீடெல்லாம் எண்ணெய்ச் சாய வாசனை. படத்துக்காக உட்கார்ந்த அம்மா சும்மா இருப்பாளா? தின்றே பாதிப் பட்டாணியைத் தீர்த்துவிடுவாள்.

மண்டபப் பொறுப்பாளர் கோத்ரே பெயர்ச்சீட்டோடு வந்தார். “அப்பா கை உங்களுக்கு வரலையே ஐயா, அது ஒரு குறைதான்.”

சுருக்கென்றது. ஓரேலியன் அக்கா க்ளோதில்தைத் தூண் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

“அக்கா, அதை வரைஞ்சது நான். சாகறதுக்குள்ள என் பேரை அதுல பாத்துடணும். சாட்சி சொல்றியா?”

“இதைச் சொல்ல உனக்கு நாப்பது வருஷமாடா?”

“அப்பா மானம் போயிடுமேன்னுதான்…”

“அட மக்கு! அவருக்குத் தெரியும்டா. கடைக்கு அவரைக் கூட்டிட்டுப் போனவ நான்தானே? மூணு காபி குடிச்சும் எழுந்திருக்க மாட்டார். ‘இரு, இப்ப போனா பையன் நிறுத்திடுவான்’பார். அதான் கையெழுத்தே போடலை. ‘நான் போனப்புறம் அவனே போட்டுக்குவான்’னார். நீ போடலை. அப்பாவுக்கே நீ விட்டுக்கொடுத்துட்டேன்னு நெனைச்சு நானும் வாயைத் திறக்கலை.”

ஓரேலியன் நேரே போய்க் கோத்ரேயின் கையிலிருந்த சீட்டை வாங்கி, அப்பா பேரை அடித்துத் தன் பேரை எழுதினார்.

“ஐயா, கேலி பண்றீங்களா?”

“கேலியில்லை, நான் சாட்சி,” என்றாள் அக்கா.

ஆசைப்பட்ட பேர் வந்துவிட்டது. ஆனால் அதைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. தான் ஒவ்வொரு தீட்டு தீட்டியபோதும் தெருக்கோடிக் காபிக்கடையில் கிழவர் தனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

“அக்கா, அந்தக் கடையில காபி நல்லா இருக்குமா?”

“கழனித்தண்ணிடா.”

அதில் மூன்று கோப்பை, தினமும். ஓரேலியன் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதார்.