சுவரில் நின்ற பாக்கியம்

முள்ளிப்பட்டிலிருந்து ஆரணிக்கு ரோசம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். அந்தோணியம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த செய்தி, அடக்கம் முடிந்த பிறகுதான் அவளுக்கு எட்டியது. முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இன்று ஏழாம் நாள் செபம். அதற்காவது போகவேண்டும். அடுத்துக் குடிவருகிறவர்கள் வெள்ளையடிப்பதற்குள், வீட்டுக்காரர் காலில் விழுந்தாவது அந்தச் சுவரைக் காப்பாற்றவேண்டும்.

சுவரில் அவள் மகள் இருந்தாள்.

அந்தோணியம்மாளுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. தெருப் பிள்ளைகளெல்லாம் அவள் வீட்டில்தான். தெருவில் தறிக்குப் பாவு நீட்டி நூலை ஒழுங்கு பண்ணுகிற நாளில் ஒரு வாண்டு குறுக்கே ஓடினால் போதும், இழை அறுந்து, அப்பனும் ஆத்தாளும் தலையில் கைவைத்து உட்காரவேண்டியதுதான். அதனால் விடிந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் தள்ளிவிடுவார்கள். அவளோ அதட்டமாட்டாள், அடிக்கமாட்டாள். பிள்ளையைச் சுவரோடு நிற்கவைத்து, சுற்றிக் கரியால் கோடு இழுத்து, சாயக்காரர்கள் கொடுத்த மிச்சச் சாயத்தில் பாவாடையும் சட்டையும் தீட்டுவாள். தன் மூக்கு எப்போது வரும் என்கிற ஆவலில் அந்த வாலில்லாத குரங்குகள் மூச்சுவிடாமல் நிற்கும். முகமும் முழியும் அப்படியே வரும், பெற்றவளே அசந்துபோவாள்.

கிறிஸ்துமஸ் வந்தால் பழையதன்மேல் சுண்ணாம்பு அடித்து, பிள்ளைகளை மறுபடி நிறுத்தி, மறுபடி வரைவாள். வருஷா வருஷம் பிள்ளைகள் சுவரிலும் வளர்ந்தார்கள். பாக்கியமேரி மட்டும் வளரவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சிக்கு வழியில்லாமல் அவள் ரோசம்மாளின் மடியிலேயே அடங்கிப்போனாள். அந்த உருவத்தை மட்டும் தொடாமல், அந்தோணியம்மாள் சுண்ணாம்பு மட்டையை ஒதுக்கி ஒதுக்கிப் பூசுவாள். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. பிழைப்புக்காக முள்ளிப்பட்டுக்குப் போன பிறகும், வரும்போதெல்லாம் ரோசம்மாள் இடுப்பளவில் விரிந்திருந்த அந்தச் சின்னக் கைமேல் தன் கையை வைத்து நிற்பாள். அந்தோணியம்மாள் பேச்சுக் கொடுக்காமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்படியொரு மனுஷி இனி எங்கே பிறக்கப்போகிறாள்.

வாசலில் மைக்கேல்ராஜ் நின்றிருந்தான். பஞ்சம் கழிந்து பிறந்தவன், அந்த வீட்டில் தவழ்ந்து வளர்ந்தவன். இப்போது தறியில் உட்காருகிறான். முழங்கை வரை வெள்ளையாக இருந்தது.

"வாங்கக்கா. சாமியார் வர்றதுக்குள்ள ஜல்தியா முடிச்சிட்டோம். கிறிஸ்துமஸுக்கு அவுங்க பூசற மாதிரியே, அவுங்க வளத்த பசங்க எல்லாம் சேந்து பூசினோம்."

ரோசம்மாள் உள்ளே போனாள். நாலு சுவரும் பளிச்சென்று இருந்தன.

"மூலையில ஒரு பொம்மை மட்டும் ரொம்பப் பழசுக்கா. எவ்ளோ பூசனாலும் தெரிஞ்சிகினே இருந்திச்சி. அதும்மேல மட்டும் ரெண்டு வாட்டி கூடவே பூசிட்டோம்."

பெருமையாகத்தான் சொன்னான். அவனைக் கோபித்து என்ன செய்ய? வளர்த்தவளுக்கு அவன் செய்த மரியாதை அது. ரோசம்மாள் மூலைக்குப் போனாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளுக்கு இடம் தெரியும். இடுப்பளவில் உள்ளங்கையை வைத்தாள். சுண்ணாம்பு ஈரமாகக் கையில் ஒட்டியது.

"நல்லா பூசிக்கீறீங்க தம்பி" என்றவள், அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

"அந்தோணியம்மா மேல அந்தக்காவுக்கு எவ்ளோ பாசம் பாரு" என்று செபத்துக்கு வந்திருந்த பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அதுவும் பொய்யில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அவள் அழுதாள். ஒருத்திக்குத்தான் அன்றைக்குச் செபம் நடந்தது.