கதிரைக்கு ஏற்ற ஓட்டம்

யோகலிங்கத்தின் வலது முழங்கால் சமதரையில் நல்ல பிள்ளை. பலகையில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதற்குப் பேய் பிடிக்கும். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் உர மூட்டை ஏற்றி இறக்கும் ஸ்டோர் ஒன்றில் அவருக்கு வேலை. ஸ்டோர் வாசலுக்கும் லொறிக்கும் நடுவே ஒரு சாய்ந்த பலகை போட்டிருக்கும். மூட்டையோடு ஏறவேண்டும், வெறும் முதுகோடு இறங்கவேண்டும். முதுகில் மூட்டை இருக்கிறதா இல்லையா என்று அந்த முழங்கால் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் நொந்தது.

போன மாதம் கேற்றில் இருந்த காவலாளி, கந்தளாயில் மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று வேலையை விட்டுப் போனார். அவர் விட்டுப்போனது ஒரு மரக்கதிரை, கம்பி உடைந்த ஒரு குடை, லொறி வந்தால் தூக்கிவிடுகிற ஒரு குறுக்குத் தடி. அந்தக் கதிரையைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் யோகலிங்கத்துக்குப் பசிப்பது போலிருக்கும். ஒருநாள் துணிந்து, இரும்புப் படியில் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறி, மேல்மாடியிலுள்ள மனேஜரின் அறைக்குப் போனார்.

மனேஜர் குணரத்தினம் நாற்பது வயதுக்காரர். நெஞ்சு எத்தனை தரம் அடிக்கிறது என்று காட்டுகிற மணிக்கூடு கட்டியிருப்பார். அதை அடிக்கடி பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்.

"சேர், அந்தக் கேற் வேலையை எனக்குத் தந்தா நல்லது. முழங்கால் ஏலாமக் கிடக்கு."

"நீர் முற்றத்தில நடக்கேக்க நான் ஜன்னலால பாக்கிறனான் யோகலிங்கம். நல்லாத்தானே நடக்கிறீர்."

"நடக்கேக்க ஒண்டுமில்லை சேர். ஏறேக்கையும் இறங்கேக்கையும்தான்."

"அது எப்பிடி? ஒரே கால், ஒரு இடத்தில நோகும், மற்ற இடத்தில நோகாதோ?"

முழங்கால் யோகலிங்கத்திடம் காரணம் சொல்லிவிட்டு நோவதில்லை.

கேற் வேலைக்கு ஆளைப் பிறகு யோசிப்போம் என்று மனேஜர் தள்ளிவிட்டார். அடுத்த கிழமையே இன்னொரு செய்தி வந்தது. துறைமுகப் பக்கத்து ஸ்டோர்களும் கொம்பனிகளும் சேர்ந்து ஒரு சுகநல ஓட்டம் வைக்கின்றன. ஐந்து கிலோமீற்றர். ஒவ்வொரு ஸ்டோரும் மூன்று பேரை அனுப்பவேண்டும். மனேஜர் தன் பெயரையும் கிளார்க் யதுர்சனின் பெயரையும் முதலிலேயே கொடுத்துவிட்டார். தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒருவர் வேண்டும். அந்த நேரம் பார்த்து யோகலிங்கம் பைப்படியில் முகம் கழுவப் போயிருந்தார். திரும்பி வரும்போது அவர் தெரிவாகியிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"நல்லதாப் போச்சு," என்றார் குணரத்தினம். "கேற் வேலையெண்டா சும்மா குந்தியிருக்கிற வேலையில்லை. பாஸ் துண்டு காட்டாமப் போற லொறிக்குப் பின்னால ஓடிப்போய் மறிக்கவும் வேணும். ஓடேலாதெண்டா அந்த வேலை உமக்குச் சரிவராது."

"ஓம் சேர்."

"அதுக்காக முன்னுக்கு வந்தீரெண்டா, முழங்காலில ஒண்டுமில்லை எண்டு நான் விளங்கிக்கொள்ளுவன். பிறகு மூட்டைதான்."

யோகலிங்கம் படியிறங்கி நேரே வாசலுக்குப் போனார். அங்கே ஸஹாப்தீன் ஓட்டோவை நிறுத்தி, பின்சீற்றில் கால்நீட்டிப் படுத்திருந்தார். கிண்ணியாக்காரர், யோகலிங்கத்தைவிட நாலைந்து வயது மூப்பு; அதனால் இவருக்கு அவர் 'நானா', அண்ணன். ஸ்டோருக்கு வரும் தரகர்களை ஏற்றி இறக்கித்தான் அவருக்குப் பிழைப்பு. சொன்னதையெல்லாம் கண்ணை மூடியபடி கேட்டார்.

"அப்ப நீ ஓடவும் வேணும், ஓடவும் கூடாது," என்றார்.

"ஓம் நானா."

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு வேகம் இரிக்கும். தேடிப் புடிப்பம்."

வீட்டில் மனைவி அன்னலட்சுமிக்கு வேறு கவலை. "உங்களைப் பாக்க எண்டு அக்காவையளும் வருகினம். முதலாவதா வரச் சொல்லி நான் கேக்கேல்லை. ஆனா ஆம்புலன்ஸில வந்து இறங்கினியள் எண்டா, உங்களை ஆரெண்டு தெரியாது எண்டு சொல்லிப்போட்டு நான் பஸ் ஏறிடுவன்."

ஆம்புலன்ஸும் வேண்டாம், மெடலும் வேண்டாம். யோகலிங்கம் அதை மனதில் இருத்திக்கொண்டார்.

பயிற்சியின் முதல் நாள் விடியற்காலை, யதுர்சன் இரவலாகத் தந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு துறைமுக வீதிக்கு வந்தார். சப்பாத்து ஒரு அளவு பெரிது. முன்னால் பேப்பர் அடைத்திருந்தது. ஸஹாப்தீன் ஓட்டோவில் இருந்தபடி "ம், ஓடு" என்றார்.

யோகலிங்கத்துக்குத் தெரிந்த ஓட்டம் ஒன்றே ஒன்றுதான். வெளியே மூட்டை கிடக்கும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தால், படங்கை இழுத்து மூட எல்லோரும் விழுந்தடித்து ஓடுவார்களே, அந்த ஓட்டம். அதைத்தான் ஓடினார். கையும் காலும் தலையும் தனித்தனியாகப் பறந்தன. இரண்டாவது வளைவு வருமுன் மதிலொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஊர் வீதிகளில் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று வாழைப்பழத் தோலைச் சப்பியபடி அவரை மேலும் கீழும் பார்த்தது.

ஓட்டோ மெதுவாக வந்து சேர்ந்தது. "நீ மழைக்கு ஓடுறாய் யோகம். இஞ்ச மழை இல்ல."

அடுத்த நாள் ஸஹாப்தீன் யோசனையோடு வந்தார். ஓட்டோவின் வேகம் காட்டுகிற முள் எப்போதோ செத்துவிட்டது, அதை நம்ப ஏலாது. ஆனால் எஞ்சின் இருக்கிறது. முதலாம் கியரில் போட்டு அவரோடு கூடவே வருவது. ஓட்டோ இருமினால் யோகலிங்கம் பிந்துகிறார். உறுமினால் முந்துகிறார். இரண்டும் இல்லாமல் ஓட்டோ சும்மா குறட்டை விட்டுக்கொண்டு வந்தால் அதுதான் அளவு.

"இன்னொண்டும் இரிக்கு," என்றார். "நம்மட சீனி வருத்தக் கிளினிக்கில நர்ஸ் மிஸ்ஸுட்ட கேட்டன். கதைச்சுக்கொண்டு ஓடலாமெண்டா அதுதான் புதுசா ஓடுறவருக்குச் சரியான வேகமாம். கதைக்க ஏலாட்டி வேகம் கூடவாம். இப்ப நான் கேக்கன், நீ ஓடிக்கொண்டே சொல்லு. ராத்திரி என்ன கறி?"

"மீன்."

"என்ன மீன்?"

"பாரை."

"வசனமாச் சொல்லு யோகம்."

"பாரை மீன் கறி."

ஸஹாப்தீன் ஓட்டோவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். "உனக்கு மூச்சு வாங்குதா, இல்ல, உன்ட கதையே இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் நானா."

இதில் ஒன்றும் கண்டுபிடிக்க ஏலாது. ஊமைபோல இருக்கிறவனிடம் கதை கேட்டு வேகம் அளப்பது எப்படி? மாப்பிள்ளை வீட்டுக் கதை, மழைக் கதை, மூதூரில் நெல் விலை என்று ஸஹாப்தீன் எதையெல்லாமோ கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம், இல்லை, தெரியாது என்ற மூன்றுதான் வந்தது. கடைசியில் அலுத்துப்போய்க் கேட்டார்.

"சரி, அந்தக் கதிரை கிடைச்சா என்ன செய்வாய்?"

யோகலிங்கம் ஓடிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். பிறகு வாய் திறந்தது.

"முதல்ல அதை அந்த இடத்தில வைக்க மாட்டன் நானா. அங்க காலமை வெயில் நேரா மூஞ்சையில அடிக்கும். வேப்பமரத்துப் பக்கம் இழுத்துப் போடுவன். ஒரு கால் கட்டை, அதுக்கு ஒரு துண்டுப் பலகை வைக்கவேணும். அன்னம் பழைய சீலையில ஒரு மெத்தை தைச்சுத் தாறன் எண்டு சொன்னவ. முதுகுப் பக்கம் ஒரு சட்டம் விட்டுக் கிடக்கு, ஆணி அடிக்கலாம். பிறகு காலை நீட்டுவன். ரெண்டு காலையும் இல்லை, மனேஜர் பாத்தா ஒருமாதிரி. வலதுகாலை மட்டும்..."

நிறுத்தவில்லை. குடைக்குக் கம்பி போடுவதைச் சொன்னார். வெற்றிலைப் பையை எங்கே கொழுவுவது என்று சொன்னார். ஓட்டோ இருமவில்லை, உறுமவில்லை. பஸ் நிலையம் வந்துவிட்டதென்று ஸஹாப்தீன் சொன்னபோதுதான், இவ்வளவு தூரம் ஓடி வந்தது யோகலிங்கத்துக்குத் தெரிந்தது.

"புடிச்சிட்டம்," என்றார் ஸஹாப்தீன். "இதான் உன்ட வேகம். கதிரையை விடாத. இந்த வேகத்தில போனா உனக்குப் பின்னால வாறதுக்கு ஒருத்தரும் இரிக்கமாட்டாங்க. ஆனா போய்ச் சேருவாய்."

இரண்டு பேருக்கும் அது மிகவும் நல்ல திட்டமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரை மைதானத்தில் கூட்டம். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் ரீசேர்ட். குணரத்தினம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டு நின்றார். யதுர்சன் தலைமயிருக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தான். விசில் ஊதியதும், மழை வந்துவிட்டது போல அத்தனை பேரும் பாய்ந்தார்கள். யோகலிங்கம் தூசி அடங்கும்வரை பொறுத்து, காதுக்குள் ஓட்டோவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, கடைசி ஆளாகப் புறப்பட்டார். மனதுக்குச் சந்தோசமாக இருந்தது. அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்தான் வந்தது.

"மெத்தைக்குப் பஞ்சு வேண்டாம், தேங்காய்த் தும்பே காணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினார்.

பஸ் நிலையத்தடியில் முதல் ஆள் தட்டுப்பட்டான். யதுர்சன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "என்ன யோகண்ணை, இந்த வேகத்தில வந்து..." என்று தொடங்கினான். மிச்சம் வரவில்லை. யோகலிங்கம் அவனுக்குத் துண்டுப் பலகை வைக்கிற கதையைச் சொல்லியபடி தாண்டிப் போனார். பிறகு இரண்டு பேர் வீதியோரத்தில் குனிந்து நின்றார்கள். பிறகு ஒரு கும்பலே நடந்தது. தான் முந்திப் போகவில்லை, அவர்கள்தான் பின்னுக்கு வருகிறார்கள் என்று யோகலிங்கத்துக்குப் பட்டது. பயம் பிடித்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். அதற்குக் கீழே குறைத்தால் அது நடை. நடந்தால் ஓடேலாதவன் என்று ஆகிவிடும்.

ஒரு மதிலோரம் நின்று சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினார். மற்றக் காலிலும் அவிழ்த்துக் கட்டினார். ஒருவரும் தாண்டி வரவில்லை. தண்ணீர் கொடுக்குமிடத்தில் அன்னலட்சுமி அக்காமாரோடு நின்றாள். அவர் ஒரு கோப்பையை வாங்கி, சூடான தேத்தண்ணி குடிப்பது போலச் சொட்டுச் சொட்டாகக் குடித்தார்.

"ஏன் நிக்கிறியள்? உங்களுக்கு முன்னால கொஞ்சப் பேர்தான். ஓடுங்கோ," என்று அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"அன்னம், விசயம் விளங்காமத் தள்ளாதை."

"அக்காவையள் பாக்கினம், போங்கோ."

துறைமுக வீதித் திருப்பத்தில் மனேஜர் தள்ளாடி ஓடிக்கொண்டிருந்தார். முகம் பீற்றூட் நிறம். மணிக்கூடு கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. மனேஜரைத் தாண்டிப் போவது மரியாதையில்லை என்று யோகலிங்கம் பக்கத்தில் பக்கத்தில் ஓடினார். ஓடினால் கதைக்கவேண்டும், அது பழகிவிட்டது. அவருக்குத் தெரிந்த கதை ஒன்றுதான்.

"சேர், அந்தக் கேற்றடிக் கதிரைக்கு ஒரு கால் கட்டை. வேப்பமரத்தடியில போட்டா நிழல். எனக்குத் தந்தீங்களெண்டா நான் ஆணியும் அடிச்சு..."

குணரத்தினம் வாயைத் திறந்தார். மாட்டேன் என்று சொல்ல வந்தாரோ, பார்ப்போம் என்று சொல்ல வந்தாரோ, காற்றுத்தான் வந்தது. கையால் "போ, போ" என்று காட்டினார். மனேஜர் சொன்னால் கேட்கவேண்டும். யோகலிங்கம் போனார்.

மைதானத்துக்குள் வந்தபோது முன்னால் ஒரே ஒரு பொடியன். அவனும் முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் புல்லில் குந்திவிட்டான். யோகலிங்கம் கோட்டுக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, எழும்பி நீர் முன்னுக்குப் போம்."

"ஏலாது அண்ணை. நீங்கள் போங்கோ."

"எனக்கு அவசரமில்லை. நீர் போம்."

"அண்ணை, கால் ரெண்டும் இல்லை. நீங்கள் போங்கோ."

சனம் சிரித்தது. ஸஹாப்தீன் கயிற்றுக்கு வெளியே நின்று தலையில் கை வைத்தார். ஏற்கெனவே இரண்டு பேர் போய்விட்டார்கள், இவர் மூன்றாவது என்று யாரோ மைக்கில் சொன்னார்கள். பின்னாலிருந்து அன்னலட்சுமியின் அக்கா, "என்ன, கோட்டைத் தாண்ட உங்களுக்கு நாள் பாக்கவேணுமோ?" என்றாள். யோகலிங்கம் தாண்டினார். மேடைக்கு ஏற்றி ஒரு சுடுதண்ணிப் பிளாஸ்க்கைப் பரிசாகக் கையில் கொடுத்தார்கள்.

குணரத்தினம் வந்து சேர்ந்தபோது கூட்டம் பாதி கலைந்திருந்தது. பேச்சு வருமட்டும் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முழங்கால்," என்றார்.

"சேர், மெதுவாத்தான் ஓடினனான்."

"மூண்டாவது. யோகலிங்கம், கதிரைக் கதையை இத்தோட விடும்."

அன்று யோகலிங்கத்துக்கு இறங்காத சோற்றை அன்னலட்சுமியின் அக்காமார் புகழ்ந்து புகழ்ந்து சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு, பலகையில் ஐந்தாறு மூட்டை ஏற்றிய களைப்போடு யோகலிங்கம் முற்றத்தில் நின்றார். இரும்புப் படியின் உச்சியில் மனேஜர் தோன்றினார். தேத்தண்ணிக்கு இறங்குகிற நேரம். ஒரு காலைக் கீழே வைத்தார். வைத்த காலை உடனே மேலே எடுத்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். பிறகு நடக்கப் பழகுகிற குழந்தைபோல முதுகைக் காட்டித் திரும்பி, பின்பக்கமாக இறங்கத் தொடங்கினார். முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் திடீரென்று மூட்டைகளில் பார்க்க ஏதோ இருந்தது. யதுர்சனுக்கு இருமல் வந்தது.

யோகலிங்கம் படியடிக்குப் போனார். "சேர், கை தரட்டோ?"

"வேண்டாம். வீட்டிலயிருந்து நல்லாத்தான் நடந்து வந்தனான். நடக்கேக்க ஒண்டும் தெரியேல்லை."

"ஓம் சேர்."

"ஏறேக்கையும் ஒருமாதிரி ஏறியிட்டன். இறங்கேக்கதான்..." பாதிப் படியில் நிறுத்தினார். சொன்ன வார்த்தையை முன்னமே எங்கேயோ கேட்டவர் போல முகம் மாறியது.

"ஓம் சேர்," என்றார் யோகலிங்கம்.

குணரத்தினம் அந்தப் படியிலேயே குந்திவிட்டார். அங்கிருந்து பார்க்கப் பலகை நேரே தெரிந்தது. ஒருவன் மூட்டையோடு ஏறினான், வெறும் முதுகோடு இறங்கினான், திரும்ப ஏறினான். மனேஜர் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்கு அதில எத்தினை தரம் ஏறி இறங்குவீர்?"

"எண்ணுறேல்லை சேர். எண்ணினா இன்னும் நோகும்."

"சரி. கேற்றுக்குப் போம். இப்பவே போம்." பிறகு ஏதோ நினைவு வந்து, "போக முதல் மேல போய் என்ர போனை ஒருக்கா எடுத்துக்கொண்டு..." என்றார்.

யோகலிங்கம் படியைப் பார்த்தார். மனேஜர் யோகலிங்கத்தின் முழங்காலைப் பார்த்தார்.

"வேண்டாம். யதுர்சன் எடுக்கட்டும்."

மத்தியானம் கதிரை வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டது. கட்டைக் காலுக்குத் துண்டுப் பலகையும் வந்துவிட்டது. யோகலிங்கம் வலதுகாலை மட்டும் நீட்டி இருந்தார். பக்கத்தில் பரிசுப் பிளாஸ்க்கில் பிளேன்ரீ. ஸஹாப்தீன் ஓட்டோவைக் கொண்டுவந்து நிழலோரம் நிறுத்தி, மூடியில் ஊற்றிய தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார்.

"எப்பிடி இரிக்கு கதிரை?"

"ம்."

"வசனமாச் சொல்லு யோகம். மூச்சு வாங்குதா?"

"இல்லை நானா," என்றார் யோகலிங்கம். "கதைக்க ஒண்டுமில்லை."