கரண்ட் வந்த சத்தம்

என் தங்கை யனைசி ஆல்பம் போடுகிறாள் என்று என் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறாள். எங்கள் இருவருக்கும் ஒரே படுக்கையறை. எதிரொலி கூடாதாம். அதனால் பல வாரமாக எனக்குத் தரைதான் படுக்கை.

அந்த ஆல்பத்தில் பாட்டே கிடையாது. மின்விசிறி முனகுவது, குக்கர் சீறுவது, வாளியில் தண்ணீர் விழுவது, இதையெல்லாம் இழுத்து நீட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இசையாம். கேட்டுப் பார்த்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நன்றாகத்தான் இருந்தது.

ஒலிப்பதிவு அவள் நண்பன் லிசான்ட்ரோ. மைக், ரெக்கார்டர், கணினி எல்லாம் அவனுடையவை. வெள்ளிக்கிழமை விடிந்தால் அவற்றையும் தூக்கிக்கொண்டு உருகுவே நாட்டுக்கே குடிபோகிறான். அதற்குள் ஆல்பம் முடிந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பாக்கி ஒரே ஒரு சத்தம்தான். மணிக்கணக்கில் போன கரண்ட் திரும்பும்போது எங்கள் மத்தான்சாஸ் ஊரில் தெரு மொத்தமும் போடும் கூச்சல்.

கரண்ட் போவதற்கா இங்கே பஞ்சம்! ஆனால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கூச்சலைப் பதிவு செய்யப்போகிறார்கள் என்று இரண்டாம் மாடி ஓஃபேலியாவிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி.

அன்று கரண்ட் வந்ததும், தேவாலயப் பாட்டுக்குழு போல எல்லாரும் ஒரே சுருதியில், "கரண்ட் வந்துருச்சூ..." என்று இழுத்தார்கள். ஓஃபேலியா உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு பால்கனியில் நின்றாள்.

"ரெண்டாம் மாடி ஓஃபேலியா பேசறேன்! வெளிநாட்டுல, தாம்பாவுல இருக்கற என் பையனுக்கு முத்தம்!"

"ஐயோ, இது ரேடியோ இல்ல ஓஃபேலியா!" யனைசி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்போ இன்னொரு தடவ கத்தட்டுமா கண்ணு? இப்பதான் தொண்டை தொறந்திருக்கு."

மறுநாளும் அதே கச்சேரி. லிசான்ட்ரோ விரலை உதட்டில் வைத்து எல்லாரையும் முறைத்தான். அவன் சுபாவம் அப்படி. பதிவு நடக்கும்போது ஈ பறந்தால்கூட "உஷ்" என்பான். அவனுக்குப் பயந்து நான் எத்தனை தும்மலை விழுங்கியிருக்கிறேன்!

வியாழக்கிழமை காலையில் போன கரண்ட் சாயங்காலமாகியும் வரவில்லை. கச்சேரி ஞாபகம் யாருக்கும் இல்லை. ஓஃபேலியாவின் ஃப்ரிட்ஜில் கோழி உருகிக்கொண்டிருந்தது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் சின்ன ரெக்கார்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

லிசான்ட்ரோ மைக்கை வயரோடு சுருட்டிப் பெட்டியில் வைத்தான். "விடு யனைசி. அந்தப் பொய்க் கூச்சலையே வெச்சு முடிச்சுடலாம்."

"அதுக்கு முடிக்காமலே விட்டுடலாம்டா." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான்தானே வாயை விட்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவன் ரெக்கார்டரை அணைக்க எடுத்தான். அப்போது தலைக்கு மேல் மின்விசிறி முக்கி முனகியது.

தெருவே வெடித்தது. பாத்திரத்தைத் தட்டினார்கள், நாய்கள் குரைத்தன, "கோழி பொழச்சுது!" என்று ஓஃபேலியா அலறினாள். நானும் என்னை மறந்து கத்தினேன். என்னைவிட உரக்க, காதருகே இன்னொரு குரல்: "வந்துருச்சு! வந்துருச்சு!"

லிசான்ட்ரோ. அந்த உஷ் லிசான்ட்ரோதான், ரெக்கார்டரைக் கையில் பிடித்தபடி குதித்துக்கொண்டிருந்தான். உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"கெடுத்துட்டேன்."

யனைசி ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுதும் கேட்டாள். "இதுல ஒரு துளி வெட்டமாட்டேன்."

"என் குரல் காதக் கிழிக்குதே!"

"கிழிக்கட்டும். நீ போற ஊர்ல கரண்டே போகாதாம். அப்புறம் எப்படா இப்படிக் கத்தப்போற?"

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் போகப்போகிறான் என்பது எனக்கு அப்போதுதான் நெஞ்சில் ஏறியது.

கரண்ட் மறுபடி போவதற்குள் அதை ஒட்டி ஆல்பத்தை முடித்துவிட்டார்கள். கணினியும் மைக்கோடு பெட்டிக்குள் போனது. ரெக்கார்டரை மட்டும் ஜன்னலோரத்திலேயே வைத்தான்.

"அடுத்த ஆல்பத்துக்கு வேணும்ல," என்றான் யனைசியிடம்.

மெத்தையை இறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.